அழகர் சுற்றிய டேப்

கார் டிக்கியில் கிடந்த பழைய ஆக்ஸிஜன் சென்சாரை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தான் அழகர். பார்த்துவிட்டு, கடை வாசலில் ஓடும் சாக்கடையில் அதை விட்டெறிந்தான். கெட்டுப்போன சாமானாக இருந்தால் எறிந்திருக்க மாட்டான். அது நல்ல சென்சார், ஒரு குறையும் இல்லாத சென்சார். அதுதான் அவனுக்கு ஆத்திரம்.

"எவன்டா இத மாத்தச் சொன்னது?"

தங்கை புருஷன், டாக்ஸி ஓட்டுகிற சிஜு, காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அழகர் கோபமாக இருக்கும்போது நடுவில் ஒரு கார் இருப்பது நல்லது. மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

"எர்ணாகுளத்துல, அளியா. ஹீட்டர் போயி, சென்சர் மாத்தணும்னு பறஞ்சாங்க. மாத்தினேன். பத்து நாள் ஆவலை, பின்னயும் மஞ்ச வெளக்கு வந்துடுச்சி."

"வராம? உள்ள இருக்கிற ஹீட்டர் உசிரோட இருக்கு. நல்லா இருக்கிறத கழட்டிட்டு இன்னொரு நல்லத மாட்டியிருக்கான் அந்த மடையன். நீயும் வாயப் பொளந்துட்டு பாத்துட்டு நின்னிருக்க. என்கிட்ட வராம அங்க எதுக்குடா போன?"

"உங்ககிட்டதான் மொதல்ல வந்தேன்" என்றான் சிஜு, மெதுவாக. "ரெண்டு தடவ வந்தேன். நீங்க செஞ்சும் வெளக்கு வந்துச்சில்ல."

தப்பு தன் பக்கம் இருக்கும்போது அழகர் வழக்கமாகச் செய்வதைத்தான் அன்றும் செய்தான். கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் போட்டுவிட்டு எதிரே சாயாக் கடைக்குப் போய்விட்டான்.

இவ்வளவு ரகளைக்கும் காரணமான சாமான் விரல் நீளம்தான் இருக்கும். சைலன்சர் குழாயில் செருகியிருப்பார்கள். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியது அதன் வேலை. சூடேறாமல் அதன் மூக்கு வேலை செய்யாது என்பதால் உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை என்று கம்ப்யூட்டருக்குப் பட்டால், டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டி பாட்டுக்கு ஓடும். கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் தெரியுமா? ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் ஒருத்தி அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, வண்டி தீப்பிடிக்கப் போகிறது என்று ஆலுவாவில் இறங்கி வேறு டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள். போனதோடு நிற்காமல் ஹோட்டலுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டாள்.

ஹோட்டல் போர்ட் கொச்சியில், சின்னதுதான். மேனேஜர் வாஞ்சிநாதன் பாலக்காட்டுக்காரர். சத்தம் போட்டுப் பேச மாட்டார், அதனாலேயே டிரைவர்களுக்கு அவரிடம் பயம். "ஞாயித்துக்கிழமை ஒரு பேமிலி மூணாருக்குப் போறா. அன்னிக்கு அந்த மஞ்ச லைட்டு எரிஞ்சுதுன்னா, சிஜு, உன் வண்டி இனிமே நம்ம கேட்டுல நிக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அந்த கேட்டுப் பக்கத்து நிழலில் வண்டி நிறுத்த அனுமதி கிடைத்ததால்தான் தங்கை அம்பிளியின் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த இடத்துக்கு அப்பு என்றொருவன் எப்போதிலிருந்தோ நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்கிறான். வாஞ்சிநாதனிடம் பேசி அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவன் அழகர். "என் கை பட்ட வண்டி சார், வழியில மானங்கெடுத்தாது" என்று அன்றைக்கு மார்தட்டி வந்திருந்தான். இன்று சனிக்கிழமை. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அழகருக்குக் கோபம் புதிதல்ல. பிறந்ததிலிருந்தே அவனுக்கு ஏதாவது ஒரு காரணம் இருந்துகொண்டே இருந்தது. அப்பா முனியாண்டி தெருச் சாக்கடை ஓடை அள்ளுகிற வேலையில் இருந்தவர். பள்ளிக்கூடத்தில் இவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான், இவன் அவன் மூக்கில் குத்துவான். குத்துகிற கை எப்போதும் இடது கை. எழுதுவதும் தின்பதும் கல்லெறிவதும் எல்லாம் இடது கைதான். முனியாண்டிக்கு அது ஆகவே ஆகாது. சோறு தின்னும்போது பையனின் இடது கையைத் துண்டால் பெஞ்சுக் காலோடு கட்டிப்போடுவார். "பீச்சாங்கையால தின்னா ஊரு சிரிக்கும். இப்பவே நம்மளப் பாத்து சிரிக்குது, அது போதாதா?" என்பார். பையன் வலது கையால் தின்னப் பழகினான், ஆனால் அந்தத் துண்டை மட்டும் மறக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகும், ஆயிரம் வயரை இடது கையால் முறுக்கிய பிறகும், அப்பா எதிரே வந்தால் கையிலிருக்கும் சாமான் தானாக வலது கைக்கு மாறிவிடும். மாறியதும் அவனுக்குத் தன் மேலேயே பொத்துக்கொண்டு வரும்.

தொண்ணூறாம் வருஷம் முனியாண்டி நாலு பேர் காலைப் பிடித்து மகனுக்கும் தன்னோடு ஓடை வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். அழகர் முடியாது என்றான். முடியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "நீங்க அள்ளினது போதும், நானும் அள்ளணுமா?" என்று கேட்டுவிட்டான். முனியாண்டி மறுநாள் தனியாகவே ஓடைக்குப் போனார். மகன் கல்வத்தியில் பிச்சுமணி என்பவரின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் சேர்ந்தான். ஜூ டவுன் என்கிற யூதத் தெருக் கிடங்குகளுக்கு மிளகு ஏற்றி வரும் லாரிகளுக்கு டைனமோ, ஹார்ன், வைப்பர் என்று எல்லாம் கற்றுக்கொண்டான். சில வருஷத்தில் பாலஸ் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டான். திறப்பு விழாவுக்கு அம்மா பாப்பா வந்தாள், அம்பிளி வந்தாள், தெருவே வந்தது. அப்பா வரவில்லை. அன்று மட்டுமல்ல, என்றைக்குமே வரவில்லை. அந்த வழியாகப் போக வேண்டி வந்தால் ரோட்டின் எதிர்ப்பக்கமாக, கடையைப் பார்க்காமல் நடப்பார். அம்மா செத்த பிறகு மகள் வீட்டில் போய் இருந்துகொண்டார். "அந்த ஆளுக்கு என் கடை ஓடையவிடக் கேவலமா?" என்று அழகர் சாயாக் கடையில் உட்கார்ந்து கத்தாத வருஷம் கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வர ஆரம்பித்தன. பழைய எலக்ட்ரீஷியன்கள் பலர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அழகர் கோயம்புத்தூர் போய்ப் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கி வந்தான். இங்கிலீஷில் அது என்ன சொன்னாலும் அதோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டான். அவன் ஒன்றும் அடக்கமான ஆள் கிடையாது. மட்டாஞ்சேரியில் தன்னைவிட்டால் ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். கடைக்கு வருகிற எல்லாரிடமும் தவறாமல் இன்னொன்றும் சொல்வான். கார்த்திகையில், மலையாளத்துக்கு விருச்சிக மாதம், வேலியேற்றம் என்கிற கடல் பெருக்கில் காயல் பொங்கி, ஓடை வழியாக உப்பு வெள்ளம் தெருவுக்கு ஏறும். அதில் ஓடுகிற வண்டியின் அடித்தகரம் அப்பளமாக நொறுங்கிவிடும். மீன்பிடிக்கிற வள்ளத்துக்குப் பூசுகிற சாளை மீன் எண்ணெயை வைப்பின் தீவிலிருந்து வாங்கி வந்து அடியில் பூசுங்கள் என்பான். ஊரில் எல்லாரும் பூசினார்கள். மழை விட்ட வெயிலில் தெருவில் நிற்கிற கார்களுக்கெல்லாம் மீன் வாசம் அடிக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சாயாக் கடையில் டம்ளரை வைத்துக்கொண்டு அழகர் யோசித்தான். மூன்று தடவை வேலை நடந்திருக்கிறது. இரண்டு தடவை இவன் செய்தது, ஒரு தடவை எர்ணாகுளத்துக்காரன் செய்தது. இவன் ப்யூஸ் பார்த்தான், நன்றாக இருந்தது. சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தான், பன்னிரண்டு வோல்ட் வந்தது. ஹீட்டரை அளந்தான், சரியாக இருந்தது. உப்பில் பூத்த பச்சைக் களிம்பு கொஞ்சம் இருந்ததைத் துடைத்து, மாட்டி, வெள்ளம் ஏறாமலிருக்க மேலே இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றினான். விளக்கு அணைந்தது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. மறுபடியும் அதே வேலை, மறுபடியும் அதே விளக்கு. எர்ணாகுளத்துக்காரன் சென்சாரையே மாற்றினான், அப்போதும் அணைந்தது, அப்போதும் வந்தது.

அதாவது, யார் கனெக்டரைக் கழற்றி மாட்டினாலும் விளக்கு அணைகிறது. கழற்றும்போதே நோய் உதிர்ந்துபோய்விடுகிறது. போன பிறகு மீட்டரை வைத்துத் தேடினால் எங்கே கிடைக்கும்?

"பொட்டக்கண்ணன்" என்று அழகர் தன்னையே உரக்கத் திட்டிக்கொண்டான். சாயாக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்று மாதமாகத் தன் கையாலேயே தடயத்தை அழித்துவிட்டு, ஊரில் உள்ளவனையெல்லாம் திட்டியிருக்கிறான்.

அவன் திரும்பி வந்தபோது சிஜு ஒரு யோசனை வைத்திருந்தான். "அளியா, டாஷ்போர்ட கழட்டி அந்த பல்ப மட்டும் எடுத்துட்டா? நாளைக்கு ஒரு நாள்..."

"காய்ச்சக்காரன் வாயில இருக்கிற தெர்மாமீட்டர ஒடச்சா காய்ச்சல் போயிடுமாடா? எடுறா வண்டிய. இங்க வெள்ளம் கேறுது, வண்டிக்கு அடியில படுக்க முடியாது. உன் வீட்டு முன்னால மேட்டுல நிறுத்து. ஒண்ணையும் தொடாத. மூச்சுகூட விடாத."

அம்பிளியின் வீட்டு முன்னால் காரின் முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். அழகர் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். நாற்றம் குப்பென்று வந்தது. இன்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, கனெக்டரைக் கழற்றாமல் மாட்டியபடியே விட்டு, பின்பக்கமாக வயரோடு ஒட்டி ஊசியைச் செருகினான். கரண்ட் வருகிற பக்கம் மீட்டர் பதிமூன்றுக்கு மேல் காட்டியது. கனெக்டரைத் தாண்டி, சென்சார் பக்கம் செருகினான். ஏழு. மறுபடியும் செருகிப் பார்த்தான். ஏழுதான். வருகிற கரண்டில் பாதியை அந்தச் சின்ன பிளாஸ்டிக் இணைப்பே தின்றுகொண்டிருந்தது. ஹீட்டர் பட்டினி கிடக்கிறது, கம்ப்யூட்டர் ஊரைக் கூட்டுகிறது. ஊரெல்லாம் சேர்ந்து சென்சாரைப் பழி சொல்கிறது.

"நிறுத்துடா வண்டிய!"

டேப்பைப் பிடித்து இழுத்தான். பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை, பாம்புச் சட்டை மாதிரி மொத்தமாக வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. இவன் சுற்றிய அதே டேப், எர்ணாகுளத்துக்காரன் பிரிக்காமல் உருவிவிட்டு அதையே திரும்ப ஏற்றியிருக்கிறான். பசை முழுக்க எண்ணெயில் கரைந்திருந்தது. கனெக்டரை மெல்லத் திறந்தான். உள்ளே பின்களின் மேல் பழுப்பாக, பிசின் மாதிரி ஒன்று படிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான்.

சாளை எண்ணெய்.

வள்ளத்துப் பலகையில் பூசினால் காய்ந்து தோலாகிக் காக்கிற அதே எண்ணெய், சைலன்சர் சூட்டில் காய்ந்து, பின்னுக்கும் அதைப் பிடிக்கிற கவ்விக்கும் நடுவே தோல் கட்டியிருக்கிறது. சுற்றிலும் அடித்தகரத்தைப் பார்த்தான். மற்ற இடமெல்லாம் ஒழுங்காக ஒரு பூச்சு. இந்த ஒரு இடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. கொட்டிக் கவிழ்த்ததுபோல் இருந்தது.

அழகர் காருக்கு அடியிலிருந்து வந்த வேகத்தில் தலையை பம்பரில் இடித்துக்கொண்டான். அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று.

"டேய் சிஜு! இந்த எடத்துல எண்ணெய ஊத்தினவன் எவன்டா? கண்ணு தெரியாத கழுத! உன் சோத்துல நீயே மண்ணப் போட்டுட்டு என் கழுத்த அறுக்கறியாடா?"

"சத்யமா ஞான் இல்ல அளியா! நான் பிரஷ்ஷே தொட்டதில்ல!"

அம்பிளி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அடுத்த வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அப்போது வாசல் நடையில் உட்கார்ந்திருந்த முனியாண்டி எழுந்தார். காலடியில் தகர டப்பா, அதில் நட்டுவைத்த பிரஷ்.

"அவன ஏன் ஏசற? நான்தான் பூசினேன்."

அழகர் கையிலிருந்த மீட்டர் ஊசிகள் தானாக இடதிலிருந்து வலதுக்கு மாறின. அது வேறு அவனுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"நீங்களா? யாரு கேட்டா உங்கள? மூணு மாசமா நாய் மாதிரி அலையறேன். ஊரு முழுக்க என் வேல சரியில்லன்னு பேசுது. நாளைக்கு இவன் பொழப்பு போகப் போகுது. எல்லாம் உங்க டப்பாவால!"

"நல்லதுக்குத்தான பூசினேன். உப்பு வெள்ளத்துக்கு சாளை எண்ணெ பூசணும்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்ற."

"தகரத்துக்குப் பூசச் சொன்னேன்! வயருக்கா பூசச் சொன்னேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"என் கடைக்கு ஒரு நாளாவது வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

கிழவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழகருக்கு நிறுத்த முடியவில்லை. "சரி, பூசினீங்க. எல்லா எடத்துலயும் ஒரு கோட்டு. இந்த எடத்துல மட்டும் எதுக்கு இப்படிக் கொட்டி வச்சிருக்கீங்க? என்மேல அவ்வளவு வெறுப்பா?"

"அது நீ கட்டின எடமில்லயா" என்றார் முனியாண்டி.

"என்ன?"

"வெள்ளம் கேறி வண்டி வழியில நின்னா யாரச் சொல்லுவாங்க? அழகரு பணி கொள்ளூல, வேல சரியில்லன்னுதான் சொல்லுவாங்க. நீ கட்டின எடத்துல உப்பு ஏறக் கூடாதுன்னு ரெண்டு கோட்டு பூசுவேன். ஒவ்வொரு தடவயும் வண்டி வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் மறுநாள் காலையில பூசுவேன். சிலப்போ மூணு."

அழகர் ஏதோ பொய்யைக் கண்டுபிடித்தவன்போல, "எது நான் கட்டினது, எது கம்பெனி கட்டினதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அடியில ஆயிரம் டேப்பு இருக்கு" என்றான்.

முனியாண்டி வலது கை விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். "எல்லாவனும் இப்படிச் சுத்துவான். நீ மாத்திச் சுத்துவ. பீச்சாங்கைச் சுத்து. கண்ண மூடிட்டுத் தடவினாலும் எனக்குத் தெரியும்."

அழகருக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. கடைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், வயதான காலத்தில் காருக்கு அடியில் படுத்து, மகனின் கைவேலையைத் தடவித் தடவித் தேடியிருக்கிறார். அது சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் பொறுக்கவே முடியவில்லை. டப்பாவைக் காலால் உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைக்கவில்லை. "தள்ளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் சாக்கில் படுத்தான்.

கனெக்டரை இரண்டு பக்கமும் பெட்ரோலில் கழுவினான். பின்களைத் தேய்த்தான், தளர்ந்த கவ்விகளை ஊசியால் நெருக்கினான். எங்கோ தொலைந்துபோயிருந்த ரப்பர் வளையத்துக்குப் பதிலாகத் தன் பையிலிருந்து ஒன்றைப் போட்டான். காயவிட்டு, மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு அளந்தான். இந்தப் பக்கம் பதிமூன்று, அந்தப் பக்கமும் பதிமூன்று. ஸ்கேனரில் பழைய குறியீட்டை அழித்ததும் மஞ்சள் விளக்கு போய்விட்டது. சிஜு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்பிளி உள்ளே ஏதோ தீய்கிற வாசம் வந்து ஓடினாள்.

டேப் சுற்றுவதுதான் பாக்கி. முனியாண்டி போகவில்லை, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அழகர் டேப்பை வலது கையில் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். வரவில்லை. சுருங்கியது, வழுக்கியது, மறுபடியும் பிரித்தான். மறுபடியும் வலது கையாலேயே சுற்றினான்.

"இடது கையால சுத்துடா" என்றார் கிழவர்.

அழகரின் வலது கை டேப்போடு அப்படியே நின்றது.

"அப்பதான் இது நீ கட்டினதுன்னு எனக்குத் தெரியும்."

"வாய மூடிட்டு இருங்க" என்று அழகர் கத்தினான். டேப்பை இடது கைக்கு மாற்றி, அவர் கண் முன்னாலேயே, இறுக்கி, நிதானமாகச் சுற்றினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முகமெல்லாம் கருப்பாக இருந்தது. "இனிமே இந்த எடத்த மட்டும் தொட்டீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன். மத்த எடத்துல எத்தன கோட்டு வேணும்னாலும் பூசிக்கோங்க."

மறுநாள் வண்டி மூணாருக்குப் போனது. போய்த் திரும்பி வந்து ஹோட்டல் வாசலில் அதே நிழலில் நின்றது. வாஞ்சிநாதன் கண்ணாடி வழியாகக் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வேலியேற்றத்துக்கு மறுநாள் காலையில் முனியாண்டி டப்பாவோடு காருக்கு அடியில் நுழைந்தாராம். அம்பிளி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழகரிடம் வந்து சொன்னாள். எல்லா இடமும் பூசினார். அந்த ஒரு சாண் இடம் வந்ததும் பிரஷ்ஷை டப்பாவில் வைத்தார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்த டேப்பை வெறும் விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.